பெயரை மாற்றினால் வீட்டு வரி ஏறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டின் உரிமையாளர் பெயரை மாற்றினால் சுக்காய் பிந்து, அதாவது வீட்டு வரி, ஏறிவிடும் என்று எங்கள் ஊரில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் எத்தனையோ குடும்பங்கள் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வீட்டை விட்டுவைத்திருக்கின்றன. அது தவறான நம்பிக்கை. அதனால் வரும் கேடுகளை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். விஷயம் பெரியது என்பதால் கடிதமும் நீண்டுவிட்டது. தயவுசெய்து வெட்டாமல் வெளியிட வேண்டுகிறேன்.

நான் மலேசியாவின் தென் கெடாவில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு சிறுநகரத்தில் வசிக்கிறேன். அம்மாவும் அப்பாவும் பால்மரம் சீவியவர்கள். நான் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் இன்றும் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மலாய்மொழியில் ஒரு கடிதம் வந்தால், "கிராணியம்மா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வாசலில் நிற்பார்கள். சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் கடிதம், பள்ளிக் கடிதம், வங்கிக் கடிதம் என்று எல்லாம் வரும். ஆனால் ஊராட்சி மன்றத்திலிருந்து வரும் உறையைக் கொண்டுவரும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பயம் வேறு எதற்கும் தெரிவதில்லை. வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பெற்றோர் லயத்தில் வாழ்ந்தார்கள். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தோட்ட ஆபீசில் போய்ச் சொல்வார்கள். வீட்டுக்கு வரி என்று ஒன்று உண்டா, அதை யார் கட்டுகிறார்கள் என்று எந்தத் தொழிலாளியும் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மலிவு விலை வீடுகளுக்கு வந்த பிறகுதான் எங்கள் மக்கள் முதன்முதலாக வீட்டு உரிமையாளர்கள் ஆனார்கள். சாவியைக் கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். இந்த வீட்டுக்கு இனி என்னென்ன கட்ட வேண்டும், எதை யாரிடம் அறிவிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஒரு தலைமுறை கழிந்தும் அந்தக் குறை தீரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நில வரி வேறு, வீட்டு வரி வேறு. நில வரி மாநில அரசுக்குப் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மே மாத இறுதிக்குள் கட்டுகிறோம். அது நிலத்தின் பரப்பையும் நிலம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. நீங்கள் பின்னால் இரண்டு அறை கட்டினாலும் அது மாறாது. வீட்டு வரி, அதாவது மதிப்பீட்டு வரி, ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. பிப்ரவரி இறுதிக்குள் ஒருமுறை, ஆகஸ்டு இறுதிக்குள் ஒருமுறை. குப்பை அள்ளுவது, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. வீட்டைத் திருத்திக் கட்டினால் மாறுவது இந்த இரண்டாவது வரி.

இதற்கான சட்டம் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. வீட்டின் 'ஆண்டு மதிப்பு' என்ற ஒன்றை வைத்து வரி போடு என்கிறது அது. ஆண்டு மதிப்பு என்றால் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. பழுதுபார்ப்புச் செலவையும் வரிகளையும் வீட்டுக்காரரே ஏற்பதாக வைத்துக்கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். நீங்கள் வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நீங்களே குடியிருந்தாலும் கணக்கு இதுதான். அந்த ஆண்டு மதிப்பில் ஒரு விழுக்காட்டை வரியாக வாங்குகிறார்கள். அந்த விகிதம் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. குடியிருப்பு வீடுகளுக்கு நடைமுறையில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கிறது.

ஜொகூரில் மட்டும் கணக்கு வேறு. அங்கே வாடகையை விட்டுவிட்டு, கட்டடத்தோடு சேர்த்து அந்தச் சொத்து சந்தையில் என்ன விலை போகும் என்பதை அடிப்படையாக எடுக்கிறார்கள். குளுவாங்கில் இருக்கும் என் நாத்தனார், "எங்களுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை, உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை?" என்று கேட்பார். அடிப்படையே வேறு என்பதால் இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. தீபாவளிக்குக் கூடும் குடும்பங்களில் இந்த ஒப்பீடு நிறைய நடக்கிறது, வீண் மனக்கசப்பும் வருகிறது.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) வாடகை பெறும் வீடு என்று மதிப்பிட்டு, ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி என்று வைத்திருந்தார்கள். எங்கள் பகுதிக்கு நிர்ணயித்திருந்த விகிதம் 8 விழுக்காடு. ஆண்டுக்கு 288 வெள்ளி வரி, அரையாண்டுக்கு 144. வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். நில அலுவலகத்தில் 14ஏ பாரத்தில் பெயர் மாற்றம் பதிவானது. பிறகு ஊராட்சி மன்றத்தில் உரிமை மாற்ற அறிவிப்பைக் கொடுத்தோம். அடுத்த பில் என் பெயரில் வந்தது. தொகை 144 வெள்ளி. ஒரு சென்கூட மாறவில்லை.

மாறாததில் வியப்பு இல்லை. அம்மா குடியிருந்தால் ஒரு வாடகை, மகள் குடியிருந்தால் வேறு வாடகை என்று ஒரு வீட்டுக்கு இருக்க முடியுமா? அதே சுவர், அதே கூரை, அதே தெரு. சட்டம் வீட்டை மதிப்பிடுகிறது, ஆளை மதிப்பிடுவதில்லை. விற்றாலும் வாங்கினாலும் தானம் கொடுத்தாலும் இதே நிலைதான்.

அப்படியானால் ஊர் முழுக்க இந்தப் பேச்சு எப்படிப் பரவியது? நான் கவனித்த வரையில் நடப்பது இதுதான். மகன் கல்யாணம் செய்கிறான். அப்பா வீட்டை அவன் பெயருக்கு மாற்றுகிறார். அவன் அதே ஆண்டில் சேமநிதிப் பணத்தை எடுத்தோ வங்கிக் கடன் வாங்கியோ சமையலறையை இடித்துப் பெரிதாக்குகிறான், முன்னால் கார் நிறுத்தக் கூரை போடுகிறான், பின்னால் ஓர் அறை எடுக்கிறான். அடுத்த ஆண்டு வரி ஏறுகிறது. ஏற்றியது அறை, பழி விழுந்தது பெயர் மாற்றத்தின் மீது. பெயர் மாற்றத்துக்கு ஆகும் வேறு செலவுகளையும் இதோடு சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். முத்திரை வரி என்பது தனி, அது ஒருமுறை கட்டுவது. அதிலும் 2023 ஏப்ரல் 1 முதல், பெற்றோர் குடியுரிமை உள்ள தங்கள் பிள்ளைக்கு அன்பின் பேரில் எழுதிக்கொடுக்கும் சொத்தில் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு முழு விலக்கு இருக்கிறது. எங்கள் ஊர் மலிவு விலை வீடுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இதைச் சொன்னால் பலர் நம்பாமல் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய உரிமையாளர் பிலான், அதாவது கட்டட வரைபடம், போடாமல், அனுமதி வாங்காமல் பின்னால் கட்டியிருப்பார். மன்றத்தின் கோப்பில் இரண்டு அறை வீடு, நேரில் போனால் நான்கு அறை வீடு. புதியவர் பெயர் மாற்ற வரும்போது அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள், உண்மை தெரிகிறது, மதிப்பு திருத்தப்படுகிறது. பழையவர் பல ஆண்டுகள் கட்டாமல் தப்பித்த வரி புதியவர் வந்த நேரத்தில் தொடங்குகிறது. வீடு வாங்கும்போது கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, மட்டும் பார்க்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட பிலானைக் கேளுங்கள், கடைசி வரி ரசீதைக் கேளுங்கள். நிலுவை இருந்தால் அது வீட்டின் மீதே சுமையாக நிற்கும், உங்களிடம்தான் கேட்பார்கள்.

இனி என் சமையலறைக்கு வருகிறேன். பெயர் மாறிச் சில ஆண்டுகள் கழித்துச் சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டினேன். பிலான் வரைபவரைப் பிடித்து, மன்றத்தில் அனுமதி பெற்றுத்தான் கட்டினேன். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்லாமல் இருப்பதை விரிவாக்குவதற்கும் எழுத்துமூல அனுமதி வேண்டும். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கவும் மாவு ஆட்டவும் ஒரு தகரக் கூரை போட்டேன். நான்கு தூண்கள், மேலே தகரம். சுவர் கிடையாது.

கட்டி முடித்துச் சில மாதங்களில் அறிவிப்பு வந்தது. வீடுகளின் ஆண்டு மதிப்பைக் குறித்துவைக்கும் மதிப்பீட்டுப் பட்டியலை ஊராட்சிச் சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ்த் திருத்தப்போவதாகவும், என் வீட்டின் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளியிலிருந்து 5,400 ஆவதாகவும், ஆட்சேபம் இருந்தால் குறிப்பிட்ட நாளுக்கு முன் எழுத்தில் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. 288 வெள்ளி 432 ஆகிறது. வரி ஏறும் என்று எனக்குத் தெரியும். சமையலறை பெரிதாகிவிட்டது, வாடகைக்கு விட்டால் கூடுதலாகத்தான் கேட்பேன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி ஏறுவது எப்படி என்று புரியவில்லை. அந்தத் தாளில் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, விகிதம், தொகை. அவ்வளவுதான்.

மன்றத்துக்குப் போய்க் கேட்டேன். முகப்பில் இருந்தவர், கணினி காட்டுவது அதுதான் என்றார். மதிப்பீட்டுப் பிரிவில் ஓர் இளம் அதிகாரி கோப்பை எடுத்துவந்து காட்டினார். பின்பக்கத் தகரக் கூரையையும் அறைக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அளந்தவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாரா, பிலானில் இருந்த கோட்டைத் தவறாகப் படித்தாரா, தெரியவில்லை. ஆட்சேபக் கடிதம் எழுதினேன். தகரக் கூரையை மூன்று பக்கமும் படம் எடுத்து இணைத்தேன். அதே வரிசையில், அதே அளவில், நீட்டிக் கட்டிய இன்னொரு வீட்டின் ஆண்டு மதிப்பையும் அந்த வீட்டுக்காரர் சம்மதத்தோடு குறிப்பிட்டேன். விசாரணைக்கு அழைத்தார்கள். மறுபடியும் வந்து அளந்தார்கள். ஆண்டு மதிப்பு 4,800 என்று குறைந்தது. இப்போது ஆண்டுக்கு 384 வெள்ளி கட்டுகிறேன்.

48 வெள்ளிக்காகவா இவ்வளவு அலைச்சல் என்று என் மகன்கூடக் கேட்டான். அந்த 48 வெள்ளி ஓர் ஆண்டோடு முடிகிற கணக்கா? பட்டியலில் ஒருமுறை ஏறிய மதிப்பு, அடுத்த திருத்தம் வரை ஒவ்வோர் அரையாண்டும் வந்துகொண்டே இருக்கும். அது எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீட்டித்துக்கொண்டே போவதுதான் நாடு முழுக்க வழக்கமாக இருக்கிறது. கோலாலம்பூரிலேயே 1992க்குப் பிறகு 2013இல்தான் மறுமதிப்பீடு செய்தார்கள். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஏற்றம் ஒரே கடிதத்தில் வந்ததும் மக்கள் கொதித்துப்போய் ஆட்சேபங்களைக் குவித்தார்கள். கடைசியில் குடியிருப்புக்கான விகிதத்தை 6 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். எழுதிக் கேட்டதால் கிடைத்த பலன் அது.

எதற்கு வரி ஏறும், எதற்கு ஏறாது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சாயம் பூசுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது, ஒழுகும் தகரத்தைக் கழற்றிப் புதியது போடுவது, பழைய மின்கம்பியை மாற்றுவது எல்லாம் பழுதுபார்ப்பு. இவற்றுக்காக யாரும் பயப்பட வேண்டாம். வீட்டின் பரப்பு கூடினால், அறை கூடினால், மாடி எடுத்தால், திறந்திருந்த முன்பக்கத்தை அடைத்து அறையாக்கினால் மதிப்பு திருத்தப்படும். பயன்பாடு மாறினாலும் அப்படித்தான். முன்வாசலில் தையற்கடையோ பலகாரக் கடையோ நிரந்தரமாக நடத்தினால் அது குடியிருப்பா, வணிகமா என்ற கேள்வி வரும். வணிகத்துக்கு விகிதம் வேறு. எங்கள் தெருவில் மாலையில் வடை சுட்டு விற்கும் அக்கா இதைக் கேட்டுப் பயந்துவிட்டார். மேசை போட்டு விற்பதற்கும் வீட்டையே கடையாக்குவதற்கும் வேறுபாடு இருக்கிறது என்று சொல்லி அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது வேறொரு குடும்பம். எங்கள் தாமானில் பின்வரிசையில் இருக்கும் ஒரு விதவைத் தாய். அவர் கணவர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளில் இருவர் ஜொகூர் பாருவிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீடும் பில்லும் இன்றும் கணவர் பெயரில். "பெயரை மாற்றினால் வரி ஏறும், இருக்கட்டும்" என்று உறவினர் யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார்கள். சிங்கப்பூர் மகன் அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பின்னால் குளியலறையோடு ஓர் அறை கட்டிக்கொடுத்தான். நல்ல பிள்ளை. திருத்த அறிவிப்பு வந்தது, இறந்தவர் பெயருக்கு. அந்த அம்மாவுக்கு மலாய் வாசிக்க வராது. கணவர் பெயர் போட்ட கடிதம் என்பதால் பிரிக்காமலே சாமி அலமாரியில் வைத்துவிட்டார். ஆட்சேப நாள் கடந்தது. அடுத்த பில்லில் தொகை கூடியிருந்தது. அதைத் தவறு என்று நினைத்து வழக்கமான தொகையையே கட்டிவந்தார். குறைந்த பணம் நிலுவையாகச் சேர்ந்தது. பிறகு 'போராங் இ' என்கிற நிலுவை எச்சரிக்கை வந்தது. அதற்கும் பணம் கட்டாவிட்டால் பொருள்களைப் பறிமுதல் செய்யும் வாரண்டு வரும். அந்த எச்சரிக்கையைப் பார்த்த பிறகுதான் என்னிடம் வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். நிலுவையைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் மதிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும், பதிவில் உள்ள உரிமையாளர் வர வேண்டும், அல்லது அவருடைய வாரிசு என்பதற்கான ஆவணம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்தான் இல்லையே! அறுபது வயதைக் கடந்த ஒரு பெண், தன் கணவர் இறந்துவிட்டார் என்பதை ஒரு முகப்பில் நின்று மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அதிகாரியையும் நான் குறை சொல்ல மாட்டேன். கோப்பில் இருக்கும் பெயரைத்தான் அவரால் பார்க்க முடியும். ஆனால் பாருங்கள், பெயரை மாற்றாததால் ஒரு வெள்ளிகூட அந்தக் குடும்பத்துக்கு மிச்சமாகவில்லை. அறை கட்டியதும் வரி ஏறத்தான் செய்தது. போனது, அதைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு மட்டுமே.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு வழி இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் இந்த வழி பொருந்தும். முன்பு 20 லட்சமாக இருந்த வரம்பை 2024 ஜூலையில் உயர்த்தினார்கள். மரணச் சான்றிதழ், கிராண்டின் நகல், வாரிசுகளின் அடையாள அட்டை நகல்கள் எல்லாம் வேண்டும். விசாரணை நாளில் பிள்ளைகள் எல்லாரும் வர வேண்டும், அல்லது சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகளை ஒரே நாளில் சேர்ப்பதுதான் பெரிய வேலை. அந்தத் தாயின் மனு இப்போது நில அலுவலகத்தில் இருக்கிறது.

வெள்ளைத்தாள் விற்பனை பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பி, கோயில் தலைவரைச் சாட்சி வைத்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்றிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஊராட்சிச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் ஊராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிக்கும்வரை விற்றவரே வரிக்குப் பொறுப்பாக இருப்பார். கூலிமுக்குக் குடிபோன ஒருவருக்கு, எப்போதோ விற்ற வீட்டின் நிலுவைக்காகக் கடிதம் வந்தது. வாங்கியவர் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தார். நல்ல நண்பர்கள் இருவர் இன்று பேசிக்கொள்வதில்லை.

ஆட்சேபம் எழுதுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல வேண்டியது ஒன்று. "என்னால் கட்ட முடியவில்லை, கருணை காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். அது ஆட்சேபம் ஆகாது. அது தனி மனு, அதற்குத் தனியாகக் கழிவு கேட்கலாம், முதியோருக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் கழிவு தரும் மன்றங்கள் உண்டு. ஆட்சேபத்தில், என் வீட்டை அதன் உண்மையான மதிப்புக்கு மேல் மதிப்பிட்டிருக்கிறீர்கள், காரணம் இது, ஆதாரம் இது என்று எழுத வேண்டும். பக்கத்தில் இதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று காட்டுங்கள். புதிய பட்டியலுக்கான ஆட்சேபம், விசாரணை நாளுக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் நியாயம் கிடைக்கவில்லை என்றால் உயர்நீதிமன்றம் வரை போகச் சட்டம் இடம் தருகிறது. எங்களைப் போன்றவர்கள் 48 வெள்ளிக்காக உயர்நீதிமன்றம் போக மாட்டோம். அதனாலேயே முதல் படியில் நடக்கும் விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும். ஆட்சேபம் எழுதியாகிவிட்டது என்று வரி கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். நிலுவை தனியாக வளரும்.

இந்த நாட்டில் 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன, பிறகு 1976 சட்டம் வந்து தேர்தலையே எடுத்துவிட்டது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நாம் வரி கட்டுகிறோம், வாக்களிப்பதில்லை. அந்த நிலையில் நம் வாயைத் திறக்கச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் இந்த ஆட்சேபக் கடிதம். அதையும் இறந்தவர் பெயரை வைத்து நாமே அடைத்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மன்றங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. மதிப்பைத் திருத்தும் அறிவிப்பில், எந்தப் பகுதியைப் புதிதாகச் சேர்த்தீர்கள், எத்தனை சதுர அடி, அதற்கு மாத வாடகை எவ்வளவு என்று எடுத்தீர்கள் என்ற விவரத்தை அச்சிடுங்கள். அந்த விவரம் கோப்பில் இருக்கத்தானே செய்கிறது! இளம் அதிகாரி ஒருவர் ஐந்து நிமிடத்தில் எனக்குக் காட்டியதை ஏன் எல்லாருக்கும் அனுப்பக்கூடாது? அந்த ஒரு விவரம் இருந்திருந்தால் என் தகரக் கூரைப் பிழையை வீட்டிலிருந்தே கண்டுபிடித்திருப்பேன். ஆட்சேபத்துக்கான கடைசி நாளைப் பெரிய எழுத்தில் மேலே போடுங்கள். தமிழர் அதிகம் வாழும் பகுதிகளுக்குப் போகும் அறிவிப்போடு தமிழில் ஒரு பக்க விளக்கத்தை இணையுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால், மரணச் சான்றிதழோடு வரும் மனைவியின் ஆட்சேபத்தையாவது முதலில் வாங்கிப் பதிவு செய்யுங்கள், வாரிசு ஆவணம் பின்னால் வரட்டும். காலக்கெடு அவருக்காகக் காத்திருப்பதில்லை.

எங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரும் நியமன உறுப்பினர்களும் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள், வேட்டியோ ஜிப்பாவோ அணிந்து மாலை வாங்கிக்கொள்கிறார்கள். வரட்டும், மகிழ்ச்சிதான். அடுத்த முறை வரும்போது மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரியையும் நில அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியையும் கூட அழைத்துவந்து, மண்டபத்தில் ஒரு மேசை போட்டு அரை நாள் உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பில்லோடும் கிராண்டோடும் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று அவர்களே பார்க்கலாம். பாரம் நிரப்ப நான் வருகிறேன். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வாசகர்களுக்கு: அடுத்த பில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பாருங்கள். அதில் இருப்பவர் உயிரோடு இல்லை என்றால், அல்லது வீட்டை உங்களுக்கு விற்றுவிட்டுப் போனவர் என்றால், அந்த மாதமே நில அலுவலகத்தில் வேலையைத் தொடங்குங்கள். வீட்டில் கூடுதலாகக் கட்டியிருந்தால் மன்றத்திடம் மறைக்காதீர்கள். விற்கும் நாளிலாவது அது தெரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, மதிப்பைத் திருத்தும் அறிவிப்புப் பாரத்தின் வாசகத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்சேபக் கடிதத்துக்கு ஒரு மாதிரியும், எதிரே மலாய்ப் பாடத்தோடு, தயாராக இருக்கிறது. சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து உங்கள் நாளிதழில் வெளியிட முடியுமானால், உடனே அனுப்பிவைக்கிறேன். பிப்ரவரி பில்கள் வீடுகளுக்கு வருவதற்கு முன் வெளிவந்தால் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி எழுத்தர்,
தென் கெடா.